இரண்டாம் பாகத்துப் பூசாரி

செங்கம் பஸ் நிலையத்தில் மலைக்குப் போகும் வண்டி எங்கே நிற்கிறது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காதைக் கொடுத்தால் போதும். "செங்கம் குப்பநத்தம் பரமனந்தல் செக்போஸ்ட்டு ஏழாம்வளைவு ஆலமரத்துமேடு ஜம்னாமத்தூர் காவலூரேய்" என்று மூச்சு விடாமல் ஒரு குரல் வரும். எழுத்துகளில் பாதியை அது விழுங்கிவிடும். முதல் தடவை கேட்கிறவர்களுக்கு யாரோ யாரையோ திட்டுவது போலிருக்கும். பழகியவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்.

குரலுக்குச் சொந்தக்காரன் பூபாலன். மலையடிவாரத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, போலீஸ் வேலைக்கு ஓடிப் பார்த்து, மார்பளவு போதாமல் திரும்பிவந்து, வெற்றிவேல் முதலாளியின் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக ஏறினான். அப்புறம் இறங்கவில்லை. எந்த ஊர்க் கிழவி எந்தச் சீட்டில் உட்காருவாள், வளைவில் யாருக்குக் குமட்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மலையாட்கள் அவனுக்குப் பலாச்சுளை கொண்டுவந்து கொடுப்பார்கள். அவனும் அவர்களுடைய புளி மூட்டைகளைத் தூக்கிக் கூரைமேல் போடுவான்.

ஒரு குறை மட்டும் உண்டு. ஆலமரத்துமேட்டுக்கும் ஜமுனாமரத்தூருக்கும் நடுவில் வீரன்கொட்டாய் என்று ஒரு ஊர் இருக்கிறது. வண்டி அங்கே நிற்கும், ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். ஆனால் அந்தப் பெயரைப் பூபாலன் ஒருநாளும் கூவியதில்லை. அவனுக்கு முந்தைய கண்டக்டரும் கூவவில்லை. பஸ் பலகையிலும் அந்தப் பெயர் இல்லை. இதில் பூபாலனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நம் நாட்டில் பெரும்பாலான அநியாயங்கள் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் நடக்கின்றன. போன ஆள் செய்ததை வந்த ஆளும் செய்தால் போதும்.

இப்படியே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவனை சினிமா பிடித்தது.

சில வருடங்களுக்கு முன் 'மின்முகன்' என்ற படத்தை அந்த மலையில் எடுத்தார்கள். ஆகாயத்திலிருந்து விழுந்த இயந்திரம் ஒன்று ஊரைத் துவம்சம் செய்கிறது. பீரங்கியெல்லாம் தோற்றுப்போகிறது. மலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பெண், மேகம் மறைக்கும்போதெல்லாம் அது தள்ளாடுவதைக் கவனிக்கிறாள். வெயில்தான் அதற்குச் சோறு என்று கண்டுபிடித்து, குகைக்குள் அதை இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறாள். கதாநாயகன் அவள் சொன்னபடி ஓடுகிறார். தமிழ் சினிமாக் கதாநாயகன் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சொன்னதைக் கேட்டு ஓடினான் என்பதே பெரிய அறிவியல் அதிசயம். ஜனங்கள் அதை ரசித்தார்கள்.

அதில் பூபாலனின் பஸ்ஸும் நடித்தது, பூபாலனும் நடித்தான். போர்வையைப் போர்த்திக்கொண்டு இயந்திரம் பஸ்ஸில் ஏறும். போர்வை நழுவும். எல்லாரும் அலறி ஓடுவார்கள். பூபாலன் மட்டும் பையைச் சரிசெய்துகொண்டு கேட்பான்: "இரும்பா இருந்தா இன்னா, டிக்கெட் எடுக்கணும்ல?"

தியேட்டர்கள் அதிர்ந்தன. அதற்குப் பிறகு கல்யாண வீட்டில், காதுகுத்தில், எழவு வீட்டில்கூட அவனைப் பார்த்தவர்கள் ஒரு தடவை சொல்லச் சொன்னார்கள். அவனும் சொன்னான். மனைவி சரிதாதான் முகம் சுளித்தாள். "வூட்டுல ஒரு வேல சொன்னா காது கேக்காது. வெளிய எவன் கேட்டாலும் இரும்பா இருந்தா இன்னாதான்."

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் பூபாலன் தாடி வளர்க்க ஆரம்பித்தான். படம் வெற்றி பெற்றால்தான் எடுப்பேன் என்று வேண்டுதல். அவனுடைய முதலாளி வெற்றிவேல், கதாநாயகனாக நடித்தவரின் ரசிகர் மன்றத் தலைவர். அவர் தலைமுடியை வெட்டாமல் வளரவிட்டார். கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் படத்தின் தலைவிதி, செங்கத்தில் இரண்டு பேர் சவரம் செய்யாமல் இருப்பதில் இருக்கிறது என்று இருவரும் மனப்பூர்வமாக நம்பினார்கள்.

ஆள் எடுக்க ஜமுனாமரத்தூருக்கு இயக்குநரே வந்தார். கூடவே கண்ணமங்கலத்துக்காரனான உதவி இயக்குநர் கலையரசன். சினிமாவில் நடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று மலையாட்கள் குளித்து, தேய்த்த சட்டை போட்டு வந்தார்கள். பெண்கள் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். வீரன்கொட்டாயிலிருந்து சின்னக்குழந்தை என்கிற நடுவயதுக்காரி வந்திருந்தாள். பஸ்ஸில் எப்போதும் முன்சீட்டில் உட்கார்ந்து பூபாலனைக் கிண்டலடித்து வாரிக்கொண்டே வருகிறவள். செங்கத்தில் கல்லூரிக்குப் போகும் அவள் மகள் காவியா சுடிதாரில் பக்கத்தில் நின்றாள்.

இயக்குநர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன கலை, பழங்குடியே இல்லையே. எல்லாரும் சாதாரண ஜனங்க மாதிரி இருக்காங்க."

"இவங்கதான் சார் பழங்குடி."

"இருக்கலாம். ஆடியன்ஸ் நம்ப மாட்டான்."

அவர் கண் பஸ் படிக்கட்டில் நின்ற தாடியின் மேல் விழுந்தது. "அவரைக் கூப்பிடு. அந்த முகத்துல ஒரு காடு இருக்கு பார்."

"சார், நான் மலையாளு இல்ல, கீழ்நாட்டாளு சார்" என்றான் பூபாலன். "போன படத்துல கண்டக்டரா வந்தேனே."

"கண்டக்டர் இந்தப் படத்துல இல்ல. நீங்க பூசாரி. படத்துலயே முக்கியமான ரோல்."

முக்கியமான ரோல் என்ற சொல்லுக்கு மயங்காத மனிதனை நான் இன்னும் சந்திக்கவில்லை. பூபாலன் மயங்கினான். மலையாட்களாக நடிக்கச் சென்னையிலிருந்து வேனில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு உடம்பெல்லாம் கரியும், தலையில் இறகும், கழுத்தில் எலும்பும் மாட்டினார்கள். தேய்த்த சட்டை போட்டு வந்த நிஜ மலையாட்களுக்கும் வேலை கிடைத்தது. விளக்குகளையும் தண்ணீர் கேன்களையும் மேட்டுக்குச் சுமந்தார்கள்.

பூசாரி மந்திரம் சொல்ல வேண்டிய நாள் வந்தது. "உங்க மலை பாஷையில ஏதாவது சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

"மலையில பேசுறதும் தமிழ்தான் சார்."

"தமிழ் வேண்டாங்க. தமிழ் மாதிரி கேட்டா அது எப்படி ஆதிவாசி? வாயில வர்றதைச் சொல்லுங்க."

தீ எரிந்தது, முரசு முழங்கியது, கேமரா ஓடியது. பூபாலனின் மண்டை சுத்தமாகக் காலியானது. ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது பல வருடங்களாக அவனைக் கேட்காமலே வேலை செய்து பழகியது. இரண்டு கையையும் ஆகாயத்துக்குத் தூக்கியதும் அது பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. "செங்கங்குப்பநத்தம் பரமனந்த செக்போஸ்ட்டு ஏழாம்வளவு ஆலமரத்துமேடு ஜம்னாமத்தூ காவலூரேய்..."

இயக்குநர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "ஆதிமொழி. ரத்தத்துல இருந்தாத்தான் இது வரும்."

கலையரசனுக்கு டீ புரையேறியது. அந்தப் பக்கத்து ஆளுக்குத் தெரியாதா? வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு மூன்றாம் பாகத்திலும் வேலை வேண்டுமே.

'மின்முகன் 2: மறுபிறவி' வெளியான காலையில் தியேட்டர் வாசலில் வெற்றிவேல் புதுமை ஒன்று செய்தார். எல்லா ஊரிலும் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகிறான், நாம் மலைத்தேன் ஊற்றுவோம் என்று டின் டின்னாகத் தேன் கொண்டுவந்து நடிகரின் தலையில் கொட்டினார். மதியத்துக்குள் ஊரிலிருந்த எறும்பெல்லாம் ஏறிவிட்டது. கதாநாயகனின் மூக்கும் முழியும் தெரியவில்லை. அந்தப் படத்தால் வயிறு நிறைந்தது அந்த எறும்புகளுக்கு மட்டும்தான்.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். குகையில் கிடந்த இயந்திரத்தின் மேல் இடி விழுகிறது. ஒரு சித்தரின் ஆவி அதற்குள் புகுந்துகொள்கிறது. மலையாட்கள் அதைச் சாமி என்று கும்பிடுகிறார்கள். முதல் பாகத்தில் யோசித்து ஊரைக் காப்பாற்றினாளே அந்தப் பெண், அவள் வளர்ந்து பெரியவளாகி, இதில் பலி கொடுக்கக் கம்பத்தில் கட்டப்பட்டுக் கிடக்கிறாள். படம் முழுக்க அவளுக்கு ஒரே வசனம், "காப்பாத்துங்க." கதாநாயகன் மலைக்கு மலை பறந்துவந்து, அம்மா கட்டிய தாயத்தை இயந்திரத்தின் நெற்றியில் வைக்கிறார். வெடித்துவிடுகிறது. சுவரொட்டியில் அறிவியல் புனைவு என்று போட்டிருந்தார்கள். காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிற மலை அது. அங்கே இருக்கிறவர்களை நட்சத்திரத்தைப் பார்த்து விழுந்து கும்பிடுகிறவர்களாகக் காட்டுவதற்குத்தான் அத்தனை கணினியும் அத்தனை மூளையும்.

பூசாரி வந்ததும் பூபாலனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரை முழுக்க அவன் முகம். பேச்சை இழுத்து, எதிரொலி சேர்த்து, அடியில் எழுத்து ஓடவிட்டிருந்தார்கள்: 'இரும்புத் தெய்வமே, எங்கள் குலக்கன்னியின் குருதியை ஏற்றுக்கொள்.' பூபாலன் கைதட்டினான். அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தான். ஜனங்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

படம் படுத்தது பற்றிக்கூட அவனுக்குப் பெரிய வருத்தமில்லை. மறுநாள் காலை வீரன்கொட்டாயில்தான் அடி விழுந்தது. சின்னக்குழந்தை ஏறினாள். முன்சீட்டில் உட்காராமல் பின்னால் போனாள்.

"பூசாரி, செங்கம் ஒண்ணு."

கேலியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அடுத்த ஆளும் அதையே சொன்னார். "பூசாரி, குப்பநத்தம்." அடுத்தவரும் அப்படியே. அதற்கு மேல் ஒரு பேச்சில்லை. பலாச்சுளை இல்லை. மூட்டையைத் தூக்கப் போனால், "வேணாம் பூசாரி, நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள். விழித்திருக்கிற நேரத்தில் முக்கால்வாசியை அந்த வண்டியில் கழிக்கிறவன் அவன். அந்த வண்டியில் இப்போது அவனோடு பேச ஆள் இல்லை.

ஒரு வாரம் பொறுத்தான். பிறகு காவியாவிடம் போனான். "இன்னாம்மா, எல்லாரும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீறீங்க? அது சினிமாதான?"

"ஆமாங்கண்ணா, சினிமாதான்" என்றாள் காவியா. "எங்க கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். உங்க ஊர்ல பொண்ணுங்கள எந்த மாசத்துல வெட்டுவீங்க, உன் முறை எப்பன்னு. எல்லாம் சிரிச்சாங்க. இன்னா பதில் சொல்லணும்னு சொல்லிக் குடுங்க, போய்ச் சொல்றேன்."

பூபாலன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த மந்திரத்தையும் போன்ல திரும்பத் திரும்பக் கேட்டேன். நம்ம பஸ்ஸு ரூட்டுதான. செங்கத்துலேர்ந்து காவலூர் வரைக்கும் வரிசையா கீது. எங்க ஊரு மட்டும் இல்ல. ஆள வெட்டுறதுன்னா நாங்க வேணும். பேரச் சொல்றதுன்னா வேணாம். இல்லங்கண்ணா?"

பஸ் முழுக்கக் கேட்டது. ஏழாம் வளைவில் வண்டி திரும்பியபோது, அத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கண்டக்டர் அந்த நிறுத்தத்தைக் கூவ மறந்தான்.

இதற்கிடையில் படத்துக்கு வெற்றி விழா அறிவித்தார்கள். படம் ஓடினால் விழா வேண்டியதில்லை. ஓடாத படத்துக்குத்தான் விழா கட்டாயம். இயக்குநர் செங்கத்துக்கே வருகிறார். பூசாரி வேஷத்தோடு மேடையேறி மந்திரம் சொல்ல வேண்டும் என்று வெற்றிவேல் உத்தரவிட்டார்.

"வேணாங்க முதலாளி" என்றான் பூபாலன். "மேல ஜனங்களுக்குக் கஷ்டமா இருக்குதுங்க."

"எந்த ஜனங்க?" என்றார் வெற்றிவேல். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "அதுங்களுக்கு இன்னா தெரியும்? எலும்பு மாலைய எடுத்து வச்சிருக்கேன். வரலன்னா மறுநாள்லேர்ந்து வண்டிக்கும் வராத."

விழா நாளில் தியேட்டருக்கு மன்றத்துப் பையன்கள்தான் வந்தார்கள். அதுவும் முன்வரிசைக்கே போதவில்லை. மேடையில் மாலைகள் அதிகம், எதிரே ஆட்கள் குறைவு. வெற்றிவேல் ஒரு யோசனை செய்தார். சாயங்கால மலை வண்டி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. விழா முடிந்தால்தான் வண்டி எடுக்கும் என்று டிரைவர் ஆனந்தனிடம் சொல்லி, காத்திருந்த பயணிகளை எல்லாம் தியேட்டருக்குள் ஓட்டிவந்து உட்காரவைத்தார். சந்தையிலிருந்து திரும்பிய சின்னக்குழந்தை கழுத்தில் மன்றத்துத் துண்டு விழுந்தது. கல்லூரி முடிந்து வந்த காவியாவின் கையில் நடிகரின் படம் போட்ட விசிறி. ஊருக்குப் போக வேறு வண்டி இல்லாதவர்கள் ரசிகர்களாகிவிட்டார்கள். இந்த நாட்டில் பல மாநாடுகளுக்குக் கூட்டம் சேருவது இப்படித்தான்.

அந்த நேரத்தில் பூபாலன் சலூனில் உட்கார்ந்திருந்தான். தாடி கீழே விழுந்தது. வீட்டுக்குப் போய்க் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டான். "இப்பதான் மூஞ்சி தெரியுது" என்றாள் சரிதா. "வேல போனா போவட்டும். கொல்லையில கடல பறிக்க ஆளில்லாம கீது."

மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "இந்த மண்ணின் மக்களை உலகத்துக்குக் காட்டியிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு மொழியே கொடுத்திருக்கிறேன்." மன்றத்துப் பையன்கள் விசிலடித்தார்கள். மலையாட்கள் விசிறியால் விசிறிக்கொண்டார்கள். உள்ளே புழுக்கம்.

பூபாலன் மேடையேறினான். தோளில் பை, கழுத்தில் விசில். வெற்றிவேல் எலும்பு மாலையோடு ஓடிவந்து, "இன்னாடா இது, வேஷம் எங்க?" என்று பல்லைக் கடித்தார். பூபாலன் அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டான்.

"எல்லாருக்கும் வணக்கங்க. சார் ஒரு பாஷை குடுத்தேன்னு சொன்னாரு. அது அவரு குடுத்தது இல்லீங்க. அது எங்க பஸ்ஸு ரூட்டு. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தோணல, அதையே கூவிட்டேன். குருதி கிருதி எதுவும் இல்லீங்க அதுல."

இயக்குநர் சிரித்தார். எளிய மனிதரின் நகைச்சுவை என்று நினைத்திருப்பார். பூபாலன் இரண்டு கையையும் தூக்கி, படத்தில் வந்த அதே இழுப்பில் ஆரம்பித்தான். "செங்கம்... குப்பநத்தம்... பரமனந்தல்..." முன்வரிசையில் ஒருவன் பக்கத்து ஆளை இடித்தான். "செக்போஸ்ட்டு..." இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஏழாம்வளைவு... ஆலமரத்துமேடு..." மன்றத்துப் பையன்களே சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் வராத சிரிப்பு அந்தத் தியேட்டரில் வந்தது. "ஜம்னாமத்தூர்... காவலூர்."

"ஒண்ணு விட்டுட்டீங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

காவியா எழுந்து நின்றிருந்தாள். பூபாலனின் கை ஆகாயத்திலேயே நின்றது. சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தவன்தான். வாய் பழகிய தடத்திலேயே போய்விட்டது.

"ஆமா" என்றான். இப்போது இழுப்பில்லை. "வீரன்கொட்டாய். படத்துல விட்டது இருக்கட்டும். பஸ்ஸுலயே நான் ஒருநாளும் சொன்னதில்ல. அந்த ஊர்ல யாரையும் எவனும் வெட்டுறது இல்லீங்க. அந்த ஊருப் பொண்ணு காலேஜுக்குப் போவுது. என் பஸ்ஸுலதான் போவுது. நான்தான் எலும்ப மாட்டிக்கினு நின்னேன். நான் மலையாளு கூட இல்ல."

கையைக் கீழே இறக்கி முதலிலிருந்து மறுபடி சொன்னான். பஸ் நிலையத்தில் கூவுகிற மாதிரி, வீரன்கொட்டாயை அதன் இடத்தில் வைத்து. பிறகு விசிலை எடுத்து ஊதினான். "வண்டி எடுக்கப்போறோம். மேல போறவங்கெல்லாம் வாங்க."

அரங்கத்தில் இருந்த முக்கால்வாசிப் பேர் எழுந்தார்கள். மன்றத்துத் துண்டுகளை நாற்காலிகளில் மடித்துப் போட்டுவிட்டு, மூட்டை முடிச்சோடு வரிசையாக வெளியே போனார்கள். விசிறியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், வழியில் வேர்க்கும். ஆனந்தன் முதலாளியின் உத்தரவுக்குக் காத்திராமல் எஞ்சினைக் கிளப்பியிருந்தான். வெற்றி விழாவில் இயக்குநரும், முதலாளியும், மன்றத்துப் பையன்கள் சிலரும், மாலைகளும் மிச்சம்.

அந்த வாரத்தோடு படம் தியேட்டரை விட்டு ஓடியது. மிச்சமிருந்த காட்சிகளில் பலி வரும்போதெல்லாம் பையன்கள் "செக்போஸ்ட்டு எறங்கு" என்று கத்தினார்களாம். மக்கள் மனம் புண்பட்டதற்கு வருந்துவதாக இயக்குநர் எங்காவது ஒரு வார்த்தை சொன்னாரா என்று தேடிப் பார்த்தேன். ரசிகர்களுக்குப் படம் புரியவில்லை என்று சொல்லியிருந்தார்.

வெற்றிவேல் பூபாலனை நிறுத்திவிட்டு, தம்பி முறையாகிற ஒருவனைக் கண்டக்டராகப் போட்டார். அவன் வீரன்கொட்டாயில் விசிலடித்தான். ஆட்கள் நின்றார்கள், ஏறவில்லை.

"ஏறுங்க, நேரமாவுது."

"எந்த ஊர்ல வண்டி நிக்குதுன்னு சொல்லு" என்றாள் சின்னக்குழந்தை.

அவனுக்குப் பெயர் தெரியவில்லை. வண்டி அவர்கள் இல்லாமலே கீழே இறங்கியது. மறுநாளும் அப்படித்தான். ஆலமரத்துமேட்டுக்காரர்களும் ஏறாமல் நிற்க ஆரம்பித்த பிறகு, வெற்றிவேலுக்கு ரசிகர் மன்றத்தைவிட பஸ் முக்கியம் என்று ஞானம் பிறந்தது. பூபாலனைக் கூப்பிட்டுவரக் கடலைக் கொல்லைக்கு ஆள் அனுப்பினார். வளர்த்த தலைமுடியை அவர் இன்னும் எடுக்கவில்லை. மூன்றாம் பாகம் வரும் என்கிறார்கள்.

பூபாலன் திரும்ப ஏறிய காலையில் வீரன்கொட்டாய் வருவதற்கு ஒரு வளைவு முன்னாலேயே படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கூவினான். "வீரன்கொட்டாய், வீரன்கொட்டாயேய்." ஊர் ஏறியது. காவியா ஏறி, புத்தகத்தைத் திறந்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. கல்லூரியில் அந்தக் கேள்வி நின்றதா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சின்னக்குழந்தை முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பலாச்சுளை. நீட்டினாள்.

"துன்னு, பூசாரி."

"இன்னாக்கா, இன்னுமா பூசாரி?" என்றான் பூபாலன். "எனக்குத்தான் ஒரு பேர் கீதே."

"கீது. இல்லன்னு யாரு சொன்னா?" சின்னக்குழந்தை ஒரு சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "இத்தினி வருசமா எங்க ஊரு பேர நீ சொல்லல. உன் பேர நாங்க கொஞ்ச நாளு சொல்லாம இருக்கோம். விசில ஊது, நேரமாவுது."